கடைசி வசனத்துக்கான பந்தி

யுகேந்திரன் ஆறு பத்துக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். ஒரு தம்ளர் காபி போட்டான். பிறகு அளவு டேப்பை எடுத்து வீட்டின் நடையை, அறைகளுக்கு நடுவே போகும் வழியை, அளந்தான். நேற்றைக்கு இன்று நாலடி கூடியிருந்தது. சுவரில் தேதி போட்டு எழுதினான்: எண்ணூற்று முப்பத்திரண்டு அடி.

சிந்துஜா இறந்த மறுநாளிலிருந்து நடை இப்படித்தான் நாளுக்கு நாலடி நீண்டுகொண்டிருக்கிறது. படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போய்க் காபி எடுத்து வருவதற்குள் ஆறிவிடுகிறது என்று அடுப்பை நடுவழியில் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவர் வந்து, வெளியே நின்று சுவரைப் பார்த்துவிட்டு, கட்டிடம் அதே அளவில்தானே இருக்கிறது, அப்புறம் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார். நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது.

யுகேந்திரன் சிவில் படித்தவன். பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை. இவ்வளவு நீளத்தைத் தாங்கல் இல்லாமல் விடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். நாலு இடத்தில் தூண் கொடுத்திருந்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் குளித்துவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டான். போட்டபின் அதை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

எதிர்வீட்டு மணியம் சார் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வைகாசியிலிருந்து தபால்பெட்டியாக இருக்கிறார். முதல் வாரம் தெருவே வந்து பார்த்தது. இப்போது யாரும் நிற்பதில்லை. அவர் மனைவி மட்டும் தினமும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஐப்பசி மழைக்குள் மனுசனுக்கு ஒரு கோட்டிங் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

"உங்களுக்கு ஒண்ணு வந்துருக்குதுங்க," என்றார் மணியம் சார்.

"எப்பங்க சார்?"

"நேத்தே விழுந்துருச்சு. தொண்டையில நிக்குது. எடுத்துட்டீங்கன்னா டீ குடிப்பேன்."

யுகேந்திரன் கையை விட்டு எடுத்தான். நீளமான பழுப்பு உறை. அனுப்புநர்: வெண்கலத் தீவு வாசகர் வட்டம்.

வெண்கலத் தீவு என்பது பதினோரு பாகம் கொண்ட ஒரு கற்பனைக் காவியம். நானூற்றுச் சொச்சம் பாத்திரங்கள். எல்லோருக்கும் வாள் உண்டு, வாளுக்கும் பெயர் உண்டு. சிந்துஜா அதன் வாசகர் வட்டத்தில் நாற்பத்தொன்றாம் உறுப்பினர். மாதம் ஒரு ஞாயிறு கூட்டத்துக்குப் போவாள். யார் துயர நாயகன், யார் கெட்டுப்போனவன் என்று நாள் முழுக்கப் பேசிவிட்டுத் தொண்டை கம்மி வீட்டுக்கு வருவாள். வந்தும் பேசுவாள். யுகேந்திரன் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. பெயர்கள் அவனுக்குக் குழம்பும். ஒரு குதிரையை இரண்டு வருடம் அரசன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கடிதத்தைப் பிரித்தான்.

'பொருள்: பாத்திரப் பதிவை முடித்து வைத்தல். உறுப்பினர் எண் 41 திருமதி சிந்துஜா அவர்களின் பதிவில் "கடைசி வசனம்" என்னும் இடம் ஏழு மாதங்களாகக் காலியாக உள்ளது. விதிப்படி, இறந்த எவரும் கடைசி வசனமின்றிப் பதிவேட்டில் இருக்க இயலாது. வரும் ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் தொடங்குவதற்குள் தாங்கள் நேரில் ஆஜராகி அதைத் தெரிவிக்கவும். தவறினால் வட்டமே எழுதி நிரப்பும். அதன்பின் வேறு வாசகம் எங்கும் செல்லாது. தங்கள் நினைவு உட்பட.'

இரண்டு தடவை படித்தான். சிந்துஜா கடைசியாகச் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் அம்மா கேட்டார், கடைசியா என்ன கண்ணு சொன்னா என்று. தூங்கிவிட்டாள் என்று மட்டும் சொன்னான். டாக்டர் கேட்கவில்லை. ஆனால் அவனிடம் அது பத்திரமாக இருந்தது. அவளுடைய துணிகளை அவள் அம்மா எடுத்துப் போய்விட்டார். புத்தகங்கள் நடையில் எங்கோ ஐந்நூறாவது அடியில் இருக்கின்றன. கையோடு இருப்பது இந்த ஒன்றுதான்.

"கெட்ட சேதிங்களா?" என்றார் மணியம் சார்.

"அவ என்ன சொன்னான்னு கேக்கறாங்க சார்."

"சொல்லிப்போடுங்க. எனக்கு ஒரு நாள் ஒண்ணு நின்னதே தாங்கல."

பஸ்ஸில் இடம் இருந்தது. அவன் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரம் வேண்டுமா என்று கேட்டான். காற்று ஒத்துக்காது என்றது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில். ஆடி மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபங்கள் சும்மா கிடக்கும் என்பதால் வட்டம் தன் பெரிய கூட்டத்தை ஆடியில்தான் போடும். வாசலில் குலை தள்ளிய வாழைமரங்கள் கட்டியிருந்தார்கள். மணமக்கள் பெயர் வைக்கும் பூப்பலகையில், செவ்வந்தியும் சம்பங்கியுமாக, 'துயர நாயகன் வெட்ஸ் கெட்டுப்போனவன்' என்று எழுதியிருந்தது.

பன்னீர் தெளிக்கும் மேஜையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, ஒரு கட்டுப் படிவம். இருப்புச் சான்று இல்லாமல் உள்ளே விட முடியாது என்றார். இருக்கிறேன் என்று யுகேந்திரன் சொன்னான். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

பெயர் எழுதினான். வயது, முப்பத்தொன்று. படிப்பு எழுதினான். நாலாவது வரியில் இப்படி இருந்தது: 'தங்கள் மனைவி இறந்தார் / இறந்துவிட்டார் / இறந்துபோனார். பொருந்தாததை அடிக்கவும்.'

"இதுல எதைங்க அடிக்கறது?"

"பொருந்தாதத."

"மூணும் ஒண்ணுதானுங்களே."

அந்தப் பெண்மணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எப்படிங்க ஒண்ணாகும்? 'விட்டார்'னா அவங்களா விட்டுட்டாங்கன்னு ஆவுது. 'போனார்'னா போன எடம்னு ஒண்ணு இருக்கோணும், உள்ள விலாசம் கேப்பாங்க. வெறும் 'இறந்தார்'ங்கறது பேப்பர்ல போடறதுக்கு. வீட்டுக்காரர் போடக் கூடாது."

யுகேந்திரன் நின்று யோசித்தான். அவனுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மூன்றையும் அடித்தான். ஸ்கேல் வைத்து நேராக அடித்தான்.

"அப்ப உங்களுக்குச் சொல்லே இல்லைங்க," என்றார் பெண்மணி.

"இல்லைங்க."

அவர் படிவத்தில் 'நிலுவை' என்று முத்திரை குத்தினார். பிறகு அவன்மேல் பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்தார்.

சாப்பாட்டுக்கூடத்துக்கு ஒரு தாழ்வாரம் வழியாகப் போக வேண்டும். இரண்டு பக்கமும் அங்கே கல்யாணம் முடித்தவர்களின் படங்கள். அவன் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. இது வீட்டு நடையைப் போல் நாளுக்கு நாலடி அல்ல, அடிக்கு நாலடி. கூட ஒருவர் சைக்கிளில் வந்து மணி சொல்லிக்கொண்டிருந்தார். பத்தரை என்றார். பத்தே முக்கால் என்றார். கொஞ்சம் பின்னால் நடந்து பாருங்கள், சில பேருக்கு அதில் சரியாகிறது என்றும் சொன்னார். யுகேந்திரன் திரும்பிப் பின்னோக்கி நடந்தான். பதினோராவது அடியில் முதுகு கதவில் முட்டியது.

கூடத்தில் பந்தி போட்டிருந்தார்கள். எதிரும் புதிருமாக இரண்டு நீள வரிசை. ஒவ்வொருவர் முன்னாலும் தலைவாழை இலை, ஒரு தம்ளர் தண்ணீர். வலது வரிசையில் துயர நாயகன் கட்சி, இடது வரிசையில் கெட்டுப்போனவன் கட்சி. முகூர்த்த நாளில் நடப்பதைப் போலவே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்காரர் ஒருவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்திருப்பவர் தன் வாதத்தை முடித்து எழுந்ததும் நிற்பவர் உட்கார வேண்டும். அதனால் யாரும் வாதத்தை முடிக்கவில்லை. சிலர் போன ஆடியிலிருந்து உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இரண்டு வரிசைக்கும் தலைப்பக்கத்தில் வட்டத்தின் தலைவர் ரேணுகாதேவி இருந்தார். பல் டாக்டர். பேசுகிறவர்களின் வாயைத்தான் பார்ப்பார், கண்ணைப் பார்க்க மாட்டார். முன்னால் பதிவேடு விரித்திருந்தது.

"சிந்து வீட்டுக்காரருங்களா? உக்காருங்க. உங்களுக்கு இலை போட்டுருக்கு."

வரிசைகளுக்கு நடுவே தனியாக ஒரு நாற்காலி. உட்கார்ந்தான். பழக்கத்தில் இலைமேல் தண்ணீர் தெளித்துத் துடைத்தான்.

அப்போது மாறவேள் என்பவனைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. யுகேந்திரனுக்கும் அந்தப் பெயர் தெரியும். வீட்டில் அதிகம் புழங்கிய பெயர். மாறவேள் வெண்கலத் தீவின் கலங்கரை விளக்கைக் காக்கிறவன். எட்டாம் பாகத்தில் ஒரு புயலன்று அவன் அந்த விளக்கை அணைத்துவிடுகிறான். ஏழு கப்பல்கள் பாறையில் மோதி உடைகின்றன. அதன்பின் எதிரிப்படையில் சேர்ந்து, மெல்ல மெல்ல அதற்குத் தலைவனாகவே ஆகிவிடுகிறான். ஏன் அணைத்தான் என்றால், கோபுரத்து அறையில் அவன் மனைவி காய்ச்சலில் கிடந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சொன்னாள்.

வலது வரிசையில் பேசியவர் ஜாபர். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். கையில் சின்னத் திருப்புளி ஒன்றை வைத்து உருட்டிக்கொண்டே பேசினார். மனைவி கேட்டால் விளக்கை அணைக்காதவன் எப்படி நாயகன் ஆவான் என்பது அவர் கட்சி. கப்பல்கள் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, அறை மட்டும் தெரிந்தது, அதுதான் துயரம் என்றார். இடது வரிசையிலிருந்து நந்தகோபால் மறுத்தார். பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், கழுத்தில் விசில். மாறவேள் மூன்றாம் பாகத்திலேயே குதிரைக்குக் கொள்ளு வைத்ததாகப் பொய் சொன்னவன், கெடுதல் அங்கேயே தொடங்கிவிட்டது, எட்டாம் பாகத்தில் விளக்கு வெறும் சாக்கு என்றார். கொள்ளு விஷயத்தில் இரண்டு வரிசையிலும் சலசலப்பு எழுந்தது. வாளிகளோடு பரிமாறுகிறவர்கள் வந்து, இன்னும் கொஞ்சம் நியாயம் போடட்டுமா என்று ஒவ்வோர் இலையாகக் கேட்டுப் போனார்கள். ஜாபர் கொஞ்சம் போடச் சொன்னார். நந்தகோபால் ஓரமாக வைக்கச் சொன்னார்.

"கெட்டவன் வேற, கெட்டுப்போனவன் வேற," என்றார் நந்தகோபால். "கெட்டவனுக்குக் கதையே கெடையாது. கெட்டுப்போறதுக்கு மொதல்ல நல்லா இருந்துருக்கோணும்."

"அப்ப நல்லா இருந்தான்னு ஒத்துக்கறீங்கல்ல மாஸ்டர்," என்றார் ஜாபர்.

வலது வரிசை சிரித்தது. நந்தகோபால் விசிலை வாய்வரை கொண்டுபோய், ஊதாமல் கீழே விட்டார். அதே மூச்சில், குரல் மாற்றாமல், இந்த யுகேந்திரனும் அப்படித்தான் என்று தொடர்ந்தார்.

யுகேந்திரன் நிமிர்ந்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. மாறவேளைப் பற்றிப் பேசியதுபோலவே, அங்கே இல்லாத ஒருவனைப் பற்றிப் பேசுவதுபோல அவனைப் பற்றிப் பேசினார்கள். யுகேந்திரன் என்ற பாத்திரம் முதல் பாகங்களில் சொல்லும்படியாக எதுவும் செய்வதில்லை என்றார் நந்தகோபால். பாலம் வரைகிறான். குழம்பில் உப்பு இல்லை என்பதை மறுநாள் சொல்கிறான். ஆனால் மனைவியின் கருமாதி நடக்கும் பதினாறாம் நாளில் அவன் சுயரூபம் தெரிந்துவிடுகிறது. சாப்பிட்டு முடித்து இலையை உள்பக்கமாக மடிக்கிறான். வட்டத்திலிருந்து வந்திருந்த ஆறு பேர் பார்த்திருக்கிறார்கள்.

"கல்யாண வீட்டுல உள்ளுக்கு மடிக்கறோம். சாவு வீட்டுல வெளிய தள்ளி மடிக்கறோம். உள்ளுக்கு மடிச்சா என்னங்க அர்த்தம்? இந்த மாதிரி இன்னொருக்கா நடக்கோணும்னு அர்த்தம்."

ஜாபர் எழுந்துவிடாமல் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அவர் பின்னால் நின்றவர் நாற்காலியை இறுகப் பிடித்தார். துக்கத்தில் கை தப்பிவிட்டது, துயர நாயகர்களுக்குக் கை தப்புவது வழக்கம்தான் என்று ஜாபர் வாதாடினார். இரண்டாம் பாகத்தில் ஓர் இளவரசன் சொந்தக் கொடியையே தலைகீழாக ஏற்றவில்லையா என்று கேட்டார்.

கை தப்பவில்லை. யுகேந்திரனுக்கு நினைவிருந்தது. அன்று ரசம் நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டான். நன்றாகச் சாப்பிட்டால் மடிப்பதுபோல மடித்தான். மடித்த பிறகுதான் பக்கத்து இலைக்காரர் அவன் முழங்கையைத் தொட்டதும், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் தெரிந்தது. மறுபடி பிரித்து வெளிப்பக்கமாக மடித்தான். அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

ரேணுகாதேவி தம்ளரைத் தட்டினார். கூடம் அடங்கியது. இதற்கு இத்தனை வாதம் தேவையில்லை என்றார். ஒருவன் நாயகனா கெட்டுப்போனவனா என்பது அவன் செய்ததில் இல்லை, சாகிறவர்கள் அவனிடம் கடைசியாகச் சொன்னதில் இருக்கிறது. பதினோரு பாகத்திலும் அதுதான் கணக்கு. வசனம் உயர்ந்ததாக இருந்தால் கேட்டவனும் உயர்ந்துவிடுகிறான். ஆகவே நாற்பத்தொன்றாம் எண்ணின் கடைசி வசனம் கிடைத்தால், அவளுடையது, கணவனுடையது என இரண்டு பதிவையும் ஒரே மையில் முடித்துவிடலாம்.

"சொல்றீங்களா, நாங்களே போட்டுக்கட்டுங்களா?"

யுகேந்திரன் தம்ளரை இலைக்கு நேராக நகர்த்தி வைத்தான். சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவனுக்கே தெரியாமல் போய்விடும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அதில் எண்கள் இல்லை. நல்ல நேரம், ராகு காலம், குளிகை, எமகண்டம் என்று மட்டும் எழுதியிருந்தது. முள் எமகண்டத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

ரேணுகாதேவி தலையசைத்தார். உள்ளிருந்து பித்தளை வாளி வந்தது. பரிமாறுகிறவர் கரண்டியால் கலக்கி, இலையின் நடுவில் ஒரு கரண்டி வசனம் வைத்தார். ஆவி பறந்தது. எழுத்துகள் கொஞ்ச நேரம் நெளிந்து, பிறகு வரிசையாக நின்றன.

'இருளே, நீ என் விளக்கை அணைக்கலாம். என் ஒளியை அல்ல.'

இரண்டு வரிசையிலும் ஒரு பெருமூச்சு எழுந்தது. நல்ல வசனம் என்று நந்தகோபாலே ஒத்துக்கொண்டார். இதைக் கேட்டவனைக் கெட்டுப்போனவன் என்று சொல்ல முடியாது என்றார். நேற்று முழுக்க ஐந்து பேர் உட்கார்ந்து எழுதியதாம்.

யுகேந்திரன் அதைப் பார்த்தான். இந்த மாதிரி வரிகள் வரும் இடத்திலெல்லாம் சிந்துஜா பென்சிலால் ஓரத்தில் 'ஐயோ' என்று எழுதி வைப்பாள். அதையே நாலு நாள் கழித்து, சட்னி அரைக்கும்போது, முழு ராகத்தோடு சொல்லியும் பார்ப்பாள். அவன் பரிமாறுகிறவரிடம் இது வேண்டாம் என்றான். அவர் வேறொரு வாளியை வரவழைத்தார். அதில், 'அடுத்த பிறவியிலும் நீங்களே எனக்கு' என்று தொடங்கும் ஒன்று இருந்தது. அவள் அவனை நீங்கள் என்று சொன்னதே இல்லை. கல்லூரி முதல் வருடத்தில் லேப் மேஜையில் இடிபட்டு நின்றபோதே நீ என்றுதான் ஆரம்பித்தாள். அதுவும் வேண்டாம் என்றான்.

ஆனால் முதல் வசனம் இலையில் இருந்தது. இலை சூட்டில் மெல்லப் பழுத்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் அந்த வரி அவனுக்குள் அவள் குரலில் கேட்க ஆரம்பித்தது. முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில். ஆஸ்பத்திரி வார்டை நினைத்தான். கட்டில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சலைன் மாட்டும் கம்பி ஈட்டியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டு இருந்த இடத்தில் கடல் இருந்தது. சிந்துஜா தலைமுடியை விரித்துப் போட்டு, கையை உயர்த்தி, இருளே என்றாள்.

அவன் இரண்டு கையாலும் இலையை மூடினான். பந்தியில் போதும் என்று சொல்கிறவர்கள் மூடுவதுபோல. உள்ளங்கை சுட்டது. எடுக்கவில்லை.

ஜாபர் தன் இடத்திலிருந்து அவன் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எடுத்துக்கங்க ப்ரோ. நல்ல வசனம். எங்கம்மாவுக்கும் இங்கதான் வாங்குனேன்."

"அம்மா நெசமா என்ன சொன்னாங்க?"

ஜாபர் திருப்புளியை உருட்டுவதை நிறுத்தினார். யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். அவர் முகத்தில் சங்கடம் எதுவும் இல்லை. சட்டைப் பையில் சாவியைத் தேடுகிறவர் முகம் போலத்தான் இருந்தது.

"தெரியலயே ப்ரோ," என்றார்.

யுகேந்திரன் கையை எடுத்தான். ரேணுகாதேவியைப் பார்த்து, நானே சொல்கிறேன் என்றான்.

பேனா திறக்கும் சத்தம் கேட்டது. நந்தகோபால் ஒரு முறை இருமினார்.

"வசனம் மாதிரி இருக்குமுங்களா?"

"இருக்காதுங்க."

"அப்பறம் உங்கள எந்த வரிசையில உக்கார வெக்கறது?"

"தெரியலைங்க."

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்றான் யுகேந்திரன். சுருக்கமாகச் சொல்லுங்கள், முள் நகர்கிறது என்றார்கள். அவன் சுருக்கமாகவே சொன்னான். அவனுக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள். இரண்டாவது மாடி வார்டு, ஜன்னலோரக் கட்டில். அந்த வாரம்தான் பதினோராம் பாகம் பார்சலில் வந்திருந்தது. இரண்டு வருடமாக அவள் காத்திருந்த பாகம். அதைக் கொண்டுவரச் சொன்னாள். கண்ணைத் திறந்தால் வலிக்கிறது, நீ படி என்றாள். அவன் படித்தான். பகல் முழுக்க, சாப்பாட்டு நேரம் தவிர, படித்தான். ஊர்ப் பெயரையெல்லாம் தப்பாக உச்சரித்தான். இரண்டு இடத்தில் கண்ணை மூடியபடியே திருத்தினாள். பிறகு திருத்தவில்லை. மூச்சு ஒரே சீராக வந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் விழித்துக்கொள்வாளோ என்று பயமாக இருந்தது.

சத்தமாகப் படிக்கிறவன் கண் எப்போதும் இரண்டு வரி முன்னால் ஓடும் என்றான். அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தின் அடியில், அடுத்து என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மாறவேள் சாகப்போகிறான். அவள் எட்டு வருடம் தொண்டை கம்ம யாருக்காக வாதாடினாளோ அவன். அவன் அந்தக் கோபுரத்து அறைக்கே திரும்பிப் போய், மனைவி கிடந்த கட்டிலில் படுத்துச் சாகிறான். அவன் எப்படிச் சாகிறான் என்பதுதான் தாளைத் திருப்பினால் விரியும் இரண்டு பக்கமும்.

அந்த இரண்டு பக்கமும் கூடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். வாளியைச் சுமந்து நின்றவர் சத்தமில்லாமல் அதைத் தரையில் வைத்தார். நந்தகோபால் மெதுவாக, நம்ப முடியாதவர்போல, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

தாளோடு தாள் சேர்த்துப் புரட்டிவிட்டேன் என்றான் யுகேந்திரன். குரலை மாற்றவில்லை. மூச்சு வாங்கவில்லை. அறுநூற்றுப் பதினொன்றின் கடைசி வரியை அறுநூற்றுப் பதினாலின் முதல் வரியோடு கோத்துப் படித்தேன். அங்கே யாரோ இரண்டு பேர் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஒட்டுத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

"அவங்க தூங்கிட்டுதான இருந்தாங்க?" என்றார் ஜாபர்.

"அப்பிடித்தான் நெனச்சேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை என்றான். தலையைத் திருப்பவில்லை. போர்வைக்கு மேலே இருந்த கை மட்டும் கொஞ்சம் நகர்ந்து அவன் முழங்கால்மேல் வந்தது. அவன் நிறுத்தினான். வார்டில் யாருடைய தம்ளரோ உருண்டது. சாயங்காலம் நாலு மணி இருக்கும். அப்போது ஒன்று சொன்னாள், அதற்குப் பிறகு பேசவில்லை. அவன் இருட்டும்வரை படித்தான்.

முள் எமகண்டத்தைத் தொட்டது. ரேணுகாதேவி முதன்முறையாக வாயைப் பார்க்காமல் அவன் கண்ணைப் பார்த்தார். பேனா பதிவேட்டின்மேல் நின்றது.

"என்ன சொன்னாங்க?"

யுகேந்திரன் சொன்னான். ராகம் போடாமல், அவள் சொன்ன வேகத்திலேயே சொன்னான்.

"ரெண்டு பக்கம் விட்டுட்ட யுகி. பரவால்ல, படி."